எனக்கு மட்டும் கேட்காத வெடி

பத்திரிகையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு நோய் உண்டு. எதைப் பற்றியும் ஒரு பின்னேரம் வாசித்தால் போதும், அதைப் பற்றி எழுதிவிடலாம் என்று நம்புவார்கள். நம்பிக்கை பிழையில்லை, பத்திரிகைகள் அப்படித்தான் வெளிவருகின்றன. நோய் முற்றினால்தான் வில்லங்கம். வாசித்ததை எழுதுவதோடு நிற்காமல் செய்யவும் இறங்கிவிடுவார்கள்.

எனக்கு முற்றியிருந்தது.

அப்போது நான் மன்னாரில் ஒரு நாளிதழின் பிரதேச நிருபர். அதற்கு முன்னர் சில வருடங்கள் தலைமைக் கந்தோரில் ஒப்புநோக்காளனாக இருந்தவன். அச்சில் ஒரு புள்ளி தவறினாலும் என் கண்ணில் குத்தும். மற்றவர்கள் காணாததை நான் காண்பேன் என்று எனக்கு ஓர் எண்ணம். அந்த எண்ணத்தோடுதான் அந்தக் காரை வாங்கினேன்.

கார் என்று சொல்வது நான் அதற்குக் கொடுத்த மரியாதை. பழைய ஜப்பான் வண்டி. எனக்கு முன் வைத்திருந்தவர் அதன் சாதுவான எஞ்சினில் காற்றைத் திணிக்கும் டர்போ ஒன்றைப் பூட்டி, பெற்றோல் பீச்சும் ஊசிகளைப் பெரிதாக்கி, சைலன்சரின் உள்வயிற்றை எடுத்து வெறும் குழாயாக்கி, தொழிற்சாலை வைத்த கொம்பியூட்டரைக் கழற்றிவிட்டு வேறொன்றை வைத்திருந்தார். பிறகு வெளிநாடு போய்விட்டார். (இப்போது யோசித்தால், காரிடமிருந்து தப்பத்தான் போயிருக்க வேண்டும்.)

எஞ்சின் கொம்பியூட்டர் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. அதற்குள் எண்கள் நிரம்பிய கட்டங்கள். எஞ்சின் இந்த வேகத்தில் சுற்றும்போது, இவ்வளவு காற்று உள்ளே வரும்போது, இவ்வளவு பெற்றோலைப் பீச்சு, இந்தக் கணத்தில் பொறி வை. அவ்வளவுதான் அது சொல்வது. எஞ்சினின் உறுப்புகளை மாற்றினால் அந்த எண்களையும் மாற்ற வேண்டும். என் காரில் உறுப்புகள் மாறியிருந்தன, எண்கள் மாறவில்லை. அதனால் அது கறுப்புப் புகை கக்கியது. பஜார் சந்தியில் நின்றுபோனது. நின்ற இடத்தில் கழுதைகள் வந்து அதன் நிழலில் படுத்தன. மன்னார்க் கழுதைகள் ஓடுகிற வாகனத்துக்கே வழிவிடாது. நிற்கிற வாகனத்தை மரம் என்று எடுத்துக்கொள்ளும்.

நான் காரைத் திட்டவில்லை. எண்கள் நிரம்பிய கட்டங்கள்! பிழை திருத்துகிறவனுக்கு இதைவிட என்ன அழைப்பு வேண்டும்?

நோர்வேயில் இருக்கும் என் பெரியம்மாவின் மகன் ரூபன் அண்ணா கார் திருத்துமிடத்தில் வேலை செய்கிறவர். அவருக்குப் போன் எடுத்தேன்.

"டேய் அன்ரன், உதைக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் குடு. உதுக்கெண்டே ஆக்கள் இருக்கினம்."

"நானே செய்யப்போறன் அண்ணா."

"உனக்கு ஒயில் மாத்தத் தெரியுமோ?"

"வாசிச்சிருக்கிறன்."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு கேட்டது. நோர்வேயில் மூச்சு விடுவதுகூட மெதுவாகத்தான் போலும் என்று நினைத்தேன். பிறகு அவர் அந்தப் பெட்டிக்கான எண்கள் அடங்கிய கோப்பு ஒன்றை அனுப்பினார். "இஞ்சை பனியிலை ரேஸ் ஓடுற ஒரு பெடியன்ர காரிலை இருந்து எடுத்தது. உன்ர எஞ்சின்தான். இதை அடியா வைச்சுக்கொண்டு உன்ர காருக்கு ஏத்தமாதிரி மாத்து. ஆனா ஒரு பக்கமும் விடாமல் பார்."

ஒரு பக்கமும் விடமாட்டேன் என்று சொன்னேன். சொன்னபடி முதற்பக்கத்திலிருந்து தொடங்கி, ஒழுங்காக, ஒரு பக்கத்தைச் சரிசெய்து முடிக்காமல் அடுத்ததைத் திறப்பதில்லை என்ற உறுதியோடு வேலையில் இறங்கினேன்.

இந்த வேலையில் ஒரே ஒரு பெரிய ஆபத்து இருப்பதாக வாசித்திருந்தேன். பொறியை அளவுக்கு மீறி முந்தி வைத்தால் பெற்றோல் எஞ்சினுக்குள் தாறுமாறாக எரியும். தகர டப்பாவில் சிறு கல் போட்டுக் குலுக்குவதுபோல் மெல்லிய சத்தம் வரும். அதைக் கேட்காமல் தொடர்ந்து ஓட்டினால் எஞ்சின் உடையும். ஆகவே அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். கோயில் பாடகர் குழுவின் பழுதான கித்தாரில் ஒட்டியிருந்த சின்ன மைக்கைக் கேட்டு வாங்கி, எஞ்சினில் இறுக்கிப் பூட்டி, வயரை உள்ளே இழுத்து, காது முழுவதையும் மூடும் பெரிய ஹெட்போன் ஒன்றில் கொழுவினேன். அதைப் போட்டால் உலகம் ஓய்ந்துவிடும். எஞ்சினின் குடல் இரைவது மட்டும் கேட்கும். வைத்தியர் நெஞ்சில் குழாய் வைப்பதுபோல் நான் அந்தக் காரைக் கேட்டுக்கொண்டு ஓட்டினேன்.

ஓட்டுவதற்கு நேரான வீதி வேண்டும். தாழ்வுபாடு கிராமத்துக்கு அப்பால் கரையை ஒட்டி ஒரு துண்டு வீதி போகிறது. ஒரு பக்கம் பனைகளும் விடத்தல் பற்றைகளும். பற்றைகளுக்கு அப்பால் கடல். விடியற்காலையில் அங்கே சைக்கிளும் இல்லை, கழுதையும் இல்லை. வளைவு வரை முழு வேகத்தில் போவேன். வளைவில் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுப்பேன். காரை ஓரங்கட்டி, பக்கத்து சீற்றில் இருக்கும் லப்டொப்பைப் பார்த்து, எண்களைத் திருத்தி, திரும்பிப் பழைய இடத்துக்கு வந்து மறுபடி ஓடுவேன். காலை எடுக்கும்போது மட்டும் பின்னால் எங்கோ 'டொப்' என்று மெல்லக் கேட்கும். டிக்கியில் கிடந்த, சில்லு மாற்றக் காரை உயர்த்தும் ஜக் உருள்கிறது என்று முடிவு செய்தேன். (போய்ப் பார்க்கவில்லை. போய்ப் பார்க்காமல் எதையும் எழுதக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதற்பாடம். அது எழுதுவதற்கு மட்டும்தான் என்று எண்ணியிருக்கிறேன்.)

இத்தனை உறுதிக்கும் காரணம் ஜெனிற்றா. பஜாரில் ஒரு பாமசியில் வேலை செய்துகொண்டிருந்தாள். நாங்கள் கலியாணம் முடிப்பதாக எங்களுக்குள் தீர்மானித்துவிட்டோம். அவளுடைய தகப்பன் சூசை மாமா மட்டும் தீர்மானிக்கவில்லை. அந்தக் கரையில் சின்னப் படகு ஒன்று வைத்துத் தனியாகத் தொழில் செய்கிறவர். மாலையில் வலையை விட்டுவிட்டு வந்து, விடியலில் போய் இழுப்பார். நான் கேட்டபோது "பாப்பம்" என்றார். எங்கள் பக்கத்தில் 'பாப்பம்' என்றால் ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

ஜெனிற்றாவும் ஒன்று சொல்லியிருந்தாள். "உந்தப் புகைக் காரிலை நான் கோயில் வாசலிலை இறங்கமாட்டன். சொல்லிப்போட்டன்."

நான் காரைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவர்கள் ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிலைமை அதுதான்.

ஒருநாள் காலை கரையோர மீனவர் சங்கத் தலைவர் மரியநாயகம் அண்ணர் என்னை வழிமறித்தார். சைக்கிளை என் காருக்குக் குறுக்கே விட்டு நின்றார். நான் ஹெட்போனைக் கழற்றினேன்.

"தம்பி, இதை நீங்கள் பேப்பரிலை போடவேணும். எங்கட கரையிலை ஆரோ திரும்பவும் டைனமைட் போடுறாங்கள்."

டைனமைட் என்றால் எங்கள் கரைகளில் எல்லோருக்கும் விளங்கும். கடலுக்குள் வெடியைப் போட்டு, செத்து மிதக்கிற மீனை அள்ளுவது. சட்டத்துக்கு விரோதம் என்பது ஒருபுறம். வெடி போட்ட இடத்தில் மீனும் குஞ்சும் பவளப்பாரும் எல்லாம் அழிந்துவிடும். மற்றத் தொழிலாளிகள் வெறும் வலையோடு திரும்ப வேண்டியதுதான். அதனால் வெடிக்காரனை மீனவர்கள் மன்னிப்பதில்லை.

"எப்ப கேட்டது அண்ணை?"

"விடியக்காலமையிலை. சில நாளிலை நாலைஞ்சு தரமும் கேக்குது. உங்களுக்குத் தெரியாததோ?" என்றவர் என் தோளைத் தட்டினார். "வெடிச்சு முடியேல்லை, உங்கட கார் அந்த ரோட்டிலை நிக்குது. சனம் கதைக்குது தம்பி. எத்தினையோ நிருபர்மாரைக் கண்டனாங்கள், உங்களைப்போல கடமை செய்யிற ஆளைக் காணேல்லை எண்டு."

(வாசகர் என்னைவிடக் கெட்டிக்காரர். இந்த இடத்தில் அவருக்கு விஷயம் பிடிபட்டிருக்கும். எனக்குப் பிடிபடவில்லை. பாராட்டைக் கேட்கும் காது வேறொன்றையும் கேட்பதில்லை.)

நான் வெடி கேட்டதாகவும் சொல்லவில்லை, கேட்கவில்லை என்றும் சொல்லவில்லை. அடக்கமாகத் தலையாட்டினேன். அன்றே செய்தி எழுதினேன். முறைப்படி எழுதிய செய்தி. சங்கத் தலைவரின் கூற்று, இரண்டு மீனவர்களின் கூற்று, கடற்படையினர் கவனிப்பதாகச் சொன்ன பதில், எல்லாம் இருந்தன. கடைசிப் பந்தியில், 'அதிகாலையில் அப்பகுதிக்குத் தனித்துச் செல்லும் படகொன்றின் மீது மீனவர்கள் சந்தேகம் கொண்டுள்ளனர்' என்று ஒரு வரி. பெயர் போடவில்லை. ஒருவரின் பெயரைக் கெடுக்கக் கூடாது என்பதில் நான் மிகக் கவனமாக இருப்பேன்.

செய்தி நாலு பத்தித் தலைப்போடு வந்தது. பேப்பரை எடுத்துக்கொண்டு பாமசிக்குப் போனேன். ஜெனிற்றா ஏற்கனவே வாசித்திருந்தாள்.

"இந்தப் போட் ஆற்ற?"

"பெயர் போடேல்லைதானே."

"பெயர் போடத் தேவையில்லை. அந்தக் கரையிலை விடியக்காலமை தனியப் போற போட் எங்கட அப்பான்ர ஒண்டுதான்."

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சந்தேகம் என்று சொன்னவர்களை யார் மீது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பெயர் வரும், பெயர் வந்தால் போட முடியாது, ஆகவே கேட்காமல் விடுவது பாதுகாப்பு என்று எங்களுக்குள் ஒரு வழக்கம். மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று இந்த வழக்கத்தை விளக்க முயன்றேன்.

"வாயை மூடுங்கோ," என்றாள். பாமசியில் நின்ற இரண்டு பேர் வாயை மூடினார்கள். "ராசிக் நானா இண்டைக்கு அப்பான்ர மீனை எடுக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய சங்கம் கூடுது. அப்பான்ர போட்டை அந்தக் கரையிலை இறக்க விடுறதோ இல்லையோ எண்டு முடிவெடுக்கப்போகினம். அப்பான்ர பேரைத் துடைச்சுப்போட்டு வாங்கோ. இல்லாட்டி இந்தப் பக்கம் வராதேங்கோ."

ராசிக் நானா எருக்கலம்பிட்டி வியாபாரி. ஐஸ் பெட்டி ஏற்றிய லொறியோடு கரைக்கு வந்து மீன் எடுப்பவர். மறுநாள் நானே கரையில் நின்று பார்த்தேன். வெடிபட்ட மீனுக்கு நடுமுள் உடைந்திருக்கும். தலையில் பிடித்துத் தூக்கினால் ஈரத் துணிபோல் தொங்கும். நானா சூசை மாமாவின் விளைமீன் ஒன்றைத் தலையில் பிடித்துத் தூக்கினார். அது தடிபோல் விறைத்து நின்றது. ஓரா மீன் ஒன்றைத் தூக்கினார். அதுவும் நின்றது. இருந்தும் திரும்பக் கூடைக்குள் வைத்தார்.

"மீனுல குத்தமில்ல சூசையண்ணே. வாங்குற ஆக்கள் பேப்பர் படிச்சிருக்காங்க. நான் என்ன செய்ய?"

சூசை மாமா கூடையைத் தூக்கிச் சைக்கிளில் வைத்தார். அந்த மீனை அவர் வீட்டில் எத்தனை வேளைதான் சாப்பிடுவார்கள்? எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பக்கத்தில் போனேன்.

"மாமா, நான் உங்களையெண்டு நினைச்சு எழுதேல்லை."

"எழுதினது பிழையெண்டு நான் சொல்லேல்லைத் தம்பி. வெடி நானும் கேட்டனான். போட்டிலை இருக்கேக்கை கேட்டனான். ஆனா எனக்குக் கரைப்பக்கமிருந்துதான் கேட்டது."

"அது மாமா, தண்ணிக்கு மேலை சத்தம் போகேக்கை திசை மாறிக் கேக்கும். குளிர்காத்துப் படை ஒண்டு கீழை இருக்கும், அதிலை பட்டு வளைஞ்சு..."

அவர் நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

வெடிக்காரனைப் பிடித்தே தீருவது என்று அந்த இடத்தில் உறுதி எடுத்தேன். அன்றிரவு முழுவதும் யோசித்து ஒரு திட்டம் போட்டேன். இன்றைக்கும் அது நல்ல திட்டம் என்றுதான் சொல்வேன். சனிக்கிழமை விடியலில் சூசை மாமா கடலுக்குப் போகாமல், எல்லோருக்கும் முன்னால் கரையில் இருக்க வேண்டும். அவர் கரையில் இருக்கும்போது வெடி கேட்டால் அவர் குற்றவாளி இல்லை. இதைவிட நேர்மையான சோதனை உண்டா? மரியநாயகம் அண்ணர் ஒத்துக்கொண்டார். கடற்படை முகாமிலிருந்து ஒரு சிறு படகையும் நாலு பேரையும் அனுப்புவதாகச் சொன்னார்கள். சூசை மாமா உடனே சம்மதித்தார்.

"இருக்கிறன். எனக்கென்ன பயம்?"

சனிக்கிழமை வந்தது. நான் காரைப் பனைகளுக்குப் பின்னால் விட்டுவிட்டு, செய்தி எடுக்க வேண்டுமே என்று எல்லோருக்கும் முன்பாகப் போய் மணலில் இருந்தேன். சங்கத்து ஆட்கள் இருபது பேருக்கு மேல். ராசிக் நானா லொறியோடு. கடற்படையினர் படகின் எஞ்சினைத் தயாராக வைத்துக்கொண்டு. நடுவில், கவிழ்த்து வைத்த தோணியின் மேல், துவைத்த சேட் போட்டுக்கொண்டு சூசை மாமா. எல்லோரும் கடலைப் பார்த்தோம். கிழக்கு வெளுத்தது. சூரியன் வந்தது. கொக்குகள் வந்து நண்டு பொறுக்கிவிட்டுப் போயின.

வெடி கேட்கவில்லை.

அப்படி ஒரு அமைதியான காலையை அந்தக் கரை அண்மையில் கண்டதில்லை என்று ஒருவர் சொன்னார். அவர் அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

"சூசை கரையிலை," என்றார் இன்னொருவர். "வெடியும் இல்லை."

யாரும் அவரை மறுக்கவில்லை. மரியநாயகம் அண்ணர் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "சூசை, நீ என்ர கூட்டாளி. ஆனா நாளைக்குக் கூட்டத்திலை நான் என்னத்தைச் சொல்ல? நீயே சொல்லு."

சூசை மாமா என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைக் கோபமாகப் பார்த்திருக்கிறார்கள். அவர் கோபமாகப் பார்க்கவில்லை. நான் போட்ட திட்டத்தில் தானாக வந்து ஏறி இருந்துவிட்டதை எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

திட்டம் தலைகீழாகிவிட்டது. ஆனால் விட மனம் வரவில்லை. வெடிக்காரனுக்கு யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள். அவன் இன்று இடம் மாறியிருப்பான். வீதியால் சுற்றிப் போனால் வளைவுக்கு அப்பாலுள்ள குடாவில் கையும் மெய்யுமாகப் பிடிக்கலாம்! "இஞ்சையே இருங்கோ, ஒருத்தரும் போகாதேங்கோ, நான் ஆளைப் பிடிச்சுக்கொண்டு வாறன்," என்று கத்திவிட்டுக் காருக்கு ஓடினேன். ஏறினேன். லப்டொப் ஏற்கனவே கொழுவியிருந்தது. பழக்க தோஷத்தில் ஹெட்போனை எடுத்து மாட்டினேன். அக்சிலேற்றரைத் தரையோடு அழுத்தினேன்.

எஞ்சின் அன்று அற்புதமாக ஓடியது. அந்த நேரத்திலும் அதைக் கவனித்தேன். கல் குலுங்கும் சத்தம் துளியும் இல்லை. வளைவில் காலை எடுத்தேன். ஜக் உருண்டது.

குடாவில் எவனும் இல்லை. இரண்டு நாரைகள் நின்றன. காரைத் திருப்பினேன். தூரத்தில், பற்றைகளுக்கு இடையே தெரிந்த கரையில், எல்லோரும் எழுந்து நின்று கைகளை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். சிலர் துள்ளினார்கள். கடற்படைப் படகு நுரை தள்ளிக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தது. என் நெஞ்சு குளிர்ந்தது. வெடிக்காரன் வந்துவிட்டான்! சூசை மாமா தப்பிவிட்டார்! நான் இல்லாத நேரம் பார்த்து இது நடக்கிறதே, செய்தி தவறிவிடப்போகிறதே என்று இன்னும் அழுத்தினேன். கரைக்கு இறங்கும் மண் பாதைக்குக் கிட்டப் போய்த்தான் காலை எடுத்தேன்.

அடுத்த கணம் இருபது பேரும் மணலில் குப்புறப் படுத்தார்கள். எங்கள் ஊரில் யாருக்கும் படுக்கச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ராசிக் நானா லொறிக்கு அடியில் போய்விட்டார். எதற்காகப் படுக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கடலில் பெரிய வெடி ஒன்று போட்டிருப்பான் என்று கடலைப் பார்த்தேன். கடல் கண்ணாடிபோல் கிடந்தது. கடற்படைப் படகு மட்டும் பாதிக் கடலில் நின்று, திரும்பி, மூக்கை என்னை நோக்கி வைத்திருந்தது.

நின்றுகொண்டிருந்தவர் சூசை மாமா ஒருவர்தான். அவர் நடந்து வந்தார். என் பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரலால் தட்டினார். நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியை இறக்கினேன்.

"என்ன மாமா, பிடிச்சாச்சோ?"

"ஓம் தம்பி. பிடிச்சாச்சு."

"ஆரை?"

அவர் என் காரின் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் பின்பக்கத்தைப் பார்த்தார்.

நான் நம்பவில்லை. அந்தக் கரையில் நம்பாதவன் நான் ஒருவன்தான். "அது டிக்கிக்குள்ளை கிடக்கிற ஜக்," என்று சொன்னேன். "உருளுறது." மணலிலிருந்து எழுந்து கொண்டிருந்தவர்கள் அதைக் கேட்டுத் திரும்பவும் இருந்துவிட்டார்கள். கடற்படைக்காரர் ஒருவர் முழங்கால் வரை நனைந்து இறங்கி வந்து, தனக்குத் தெரிந்த தமிழில், "ஐயா, இறங்குங்க. பின்னால போய் நில்லுங்க. வேற ஆள் ஏறுங்க," என்றார். மரியநாயகம் அண்ணர் ஏறினார். சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டாதவர். கார் நின்ற நிலையில் அக்சிலேற்றரை மிதித்து, எஞ்சின் அலறத் தொடங்கியதும் பயந்துபோய்க் காலை எடுத்தார்.

என் காரின் சத்தத்தை நான் முதன்முதலாக வெளியில் நின்று கேட்டது அப்போதுதான்.

குழாயின் வாயிலிருந்து முழ நீளத்துக்கு நெருப்பு வந்தது. சத்தத்தைப் பற்றி எழுத எனக்குச் சொல் இல்லை. எழுந்து பார்த்தபோது என் சேட் பொக்கற் நிறைய மணல். ஆம், நானும் படுத்திருந்தேன்.

"மடு மாதாவே," என்றார் உள்ளே இருந்த மரியநாயகம் அண்ணர். அவர் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். "சூசை, நீ வீட்டை போ. நாளைக்குக் கூட்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை."

ராசிக் நானா லொறிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். "சூசையண்ணே, நேத்து மீன் இருக்கா? எல்லாத்தையும் எடுக்குறேன்."

"நேற்றையான் மீன் பழசு," என்றார் சூசை மாமா. "நாளைக்கு வாங்கோ."

ரூபன் அண்ணாவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கும்வரை நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. பனியில் பந்தயம் ஓடும் கார்களுக்கு அது தேவையான ஏற்பாடாம். எஞ்சின் உச்சத்தில் சுற்றும்போது காலை எடுத்தாலும் பெற்றோலை நிறுத்தாதே, பொறியைப் பிந்தி வை, எரியாத பெற்றோல் சூடான குழாய்க்குள் போய் வெடிக்கட்டும், டர்போ ஓயாமல் சுழலட்டும் என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டேன். கடைசிப் பக்கத்தில் என்றார். நான் கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கம்வரை அப்பழுக்கில்லாமல் திருத்தி முடித்திருந்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் ஒரு சரி அடையாளம். அதை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான். ஒரு ஊரை மணலில் கிடத்தியது அந்த அடையாளம்.

பத்திரிகையில் திருத்தம் போட வேண்டியிருந்தது. நான் எழுதியவற்றிலேயே கூடுதல் நேரம் எடுத்தது அந்த மூன்று வரிகள்தான். செய்தி ஆசிரியர் போனில் வாசித்துப் பார்த்தார்.

"'அப்பகுதியில் செலுத்தப்பட்ட கார் ஒன்றின் சத்தமே என்று தெரியவந்துள்ளது.' எந்தக் கார் எண்டு போடேல்லையே அன்ரன்?"

"ஒருவற்ற பெயரைக் கெடுக்கக் கூடாதெண்டு..."

"எமது நிருபரின் கார்," என்று அவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்வது எனக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றேன். யாரும் என்னைத் திட்டவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு கடந்து போனார்கள், அதைவிடத் திட்டியிருக்கலாம். சூசை மாமா நேராக என்னிடம் வந்தார். பக்கத்தில் ஜெனிற்றா, நிலத்தைப் பார்த்தபடி. அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன். (அதுவும் பிழை.)

"தம்பி, உங்கட விஷயமாப் பாப்பம் எண்டு சொன்னனான். பாத்திட்டன்."

நான் சேட் கொலரைச் சரிசெய்துகொண்டேன்.

"ஊர் முழுக்கக் கேட்டது. கடலுக்குள்ளை நிண்ட எனக்கும் கேட்டது. உங்களுக்கு மட்டும் கேக்கேல்லை." அவர் மகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "என்ர பிள்ளை வாய் திறந்தால் நிப்பாட்டமாட்டாள். உவளோடை குடும்பம் நடத்த உங்களைப்போல ஒரு காது கேக்காத ஆள்தான் வேணும். வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, நாள் பாப்பம்."

"அப்பா!" என்று ஜெனிற்றா போட்ட சத்தத்தில் கோயில் வாசலில் நின்ற புறாக்கள் எழும்பின. எனக்கு அது ஒன்றுமே கேட்கவில்லை என்பதுபோல் நின்றேன். மாமா தலையாட்டினார், திருப்தியாக.

கலியாணத்துக்கு அந்தக் காரில்தான் வந்திறங்கினாள். புகையில்லை, சத்தமில்லை. கோயில் வாசலில் கார் வந்து நின்றபோது முன்வரிசையில் நின்ற சிலர் ஏனோ இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள்.

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. கரையில் வெடி போடுகிறவர்கள் இன்னும் முற்றாக ஒழியவில்லை. எங்காவது சத்தம் கேட்டால் மரியநாயகம் அண்ணர் கடற்படைக்குச் சொல்வதற்கு முன் எனக்குத்தான் போன் எடுப்பார். "தம்பி, கோவிக்காதேங்கோ. உங்கட கார் எங்கை நிக்குது?"

மாமா போன் எடுப்பது மாரி காலத்தில். ஐப்பசியில் முதல் இடி இடித்தால் போதும், ஜெனிற்றாவின் போன் அடிக்கும். அவள் அதை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்துவிட்டுச் சோறு போடுவாள்.

"பிள்ளை, மருமகன் வீட்டிலையோ?"

"ஓம் அப்பா. இஞ்சைதான் இருக்கிறார். சாப்பிடுறார்."

"வடிவாப் பார்த்துச் சொல்லு."

"பாத்திட்டன் அப்பா. முன்னுக்குத்தான் இருக்கிறார்."

"அப்ப சரி," என்பார் மாமா. "மழைதான் வருது. உடுப்பை எடுத்து உள்ளை போடு."